குழாயை எடுப்பதற்கு முன்

நுரையீரல் உறைக்குள் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிப்போன நிலையில் வார்டில் சேருகிறவருக்கு நடக்கும் வைத்தியம் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். விலா எலும்புகளுக்கு இடையே ஒரு குழாய் போடுகிறோம். வார்டில் அதற்கு ஐசிடி என்று பெயர். குழாயின் மறுமுனை தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் மூழ்கியிருக்கும். இருமும்போது குமிழி வருகிறதா, மூச்சுக்கு மூச்சு குழாயில் தண்ணீர் ஏறி இறங்குகிறதா என்று காலையும் மாலையும் பார்க்கிறோம். குமிழி நின்று ஒரு நாள் ஆனதும் எக்ஸ்ரே. நுரையீரல் விரிந்துவிட்டது என்று தெரிந்தால் குழாயை உருவி, தையலை இறுக்கிக் கட்டி, டிஸ்சார்ஜ் எழுதுகிறோம். வேறு நோய் எதுவும் இல்லாத, ஒல்லியான இருபது வயதுப் பையனுக்கு முதல் தடவை வந்திருந்தால் இது போதும். ஏற்கெனவே நுரையீரல் பழுதடைந்த ஒருவரையும் இதே வரிசையில் நடத்தி, 'மறுபடி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்று அனுப்பி வைப்பது பாதி வைத்தியம்தான் என்பது என் உறுதியான கருத்து. மறுபடி வராமல் தடுக்கும் வேலையை முதல் தடவையே, குழாய் உள்ளே இருக்கும்போதே எடுத்துப் பேசி முடித்துவிட வேண்டும்.

நியூமோதோராக்ஸ் என்ற இந்தச் சிக்கலை மருத்துவ நூல்கள் இரண்டு வகையாகப் பிரிக்கின்றன. வெளிப்படையான நுரையீரல் நோய் இல்லாதவருக்கு வருவது முதல் வகை. இருக்கிற நோயின் விளைவாக வருவது இரண்டாம் வகை. பல வருஷம் பீடி, சிகரெட் புகைத்து சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் வந்தவர், ஆயுள் முழுக்க விறகடுப்புப் புகையில் நின்று அதே நோயை வாங்கிக்கொண்ட பெண், காசநோய் குணமாகியும் நுரையீரலில் தழும்பும் குழியும் மிஞ்சியவர், கல் உடைக்கும் தூசியில் சிலிகோசிஸ் கண்ட தொழிலாளி, நுரையீரல் நார்த்திசு நோய் உள்ளவர் எல்லோரும் இந்த இரண்டாம் வகையில் வருகிறார்கள். ஆரோக்கியமான பையனுக்கு ஒரு பக்க நுரையீரல் முழுக்கச் சுருங்கினாலும் மறுபக்கம் தாங்கிக்கொள்ளும். நெஞ்சுவலி என்று தானே நடந்து வந்து புறநோயாளிச் சீட்டு வாங்கி வரிசையில் நிற்பான். இரண்டு நுரையீரலும் சேர்ந்தே மூன்றில் ஒரு பங்கு வேலைதான் செய்கின்றன என்ற நிலையில் இருப்பவருக்கு ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் காற்று சேர்ந்தாலே பேச்சு வராது, உதடு நீலம் பாரிக்கும். எக்ஸ்ரேயில் தெரியும் இடைவெளியின் அளவுக்கும் நோயாளி படும் பாட்டுக்கும் இங்கே சம்பந்தமே இருப்பதில்லை. போதாக்குறைக்கு, சிஓபிடியில் உண்டாகும் பெரிய காற்றுக்கொப்புளம் சாதாரண எக்ஸ்ரேயில் நியூமோதோராக்ஸ் போலவே தோன்றும். அதைக் காற்று என்று நினைத்துக் குழாய் குத்தினால் நாமே ஓட்டை போட்டவர்களாவோம். சந்தேகம் இருந்து, நோயாளியின் நிலையும் இடம் கொடுத்தால், சி.டி. ஸ்கேன் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

மறுபடி வரும் என்பதற்கு என்ன ஆதாரம்? அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 1990இல் வெளியானது. இந்தத் துறையில் இன்றும் முதலில் எடுத்துப் பேசப்படுவது அதுதான். 229 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குக் குழாய் மட்டும் வைத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு, நுரையீரல் உறைகளை ஒட்டவைப்பதற்காக, அதே குழாய் வழியாக 1500 மில்லிகிராம் டெட்ராசைக்ளின் மருந்தையும் செலுத்தினார்கள். குழாய் மட்டும் வைத்தவர்களில் 41 சதவீதம் பேருக்கு அதே பக்கம் மறுபடி வந்தது. மருந்து செலுத்தப்பட்டவர்களில் அது 25 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டு டென்மார்க்கிலிருந்து வந்த சிறிய ஆய்வு ஒன்றில் குழாய் மட்டும் வைத்தவர்களுக்கு 36 சதவீதம், டெட்ராசைக்ளினுக்கு 13, டால்க் பொடிக்கு 8 என்று கணக்கு வந்தது. நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு, தடுப்பு எதுவும் செய்யாவிட்டால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி வரலாம் என்ற கணிப்பு இத்தகைய ஆய்வுகளிலிருந்து பிறந்ததுதான். பெரும்பாலும் பெண்களுக்கு மட்டுமே வரும் எல்ஏஎம் என்ற அரிய நோயில் நிலைமை இன்னும் மோசம். 2006இல் தொகுக்கப்பட்ட கணக்குப்படி, தடுப்பு செய்யாதவர்களில் 66 சதவீதம் பேருக்கு மறுபடி வந்திருக்கிறது. மருந்து வைத்து ஒட்டியவர்களுக்கு 27 சதவீதம், அறுவை செய்துகொண்டவர்களுக்கு 32 சதவீதம். எந்த நோயால் நுரையீரல் பழுதானது என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. எந்த நோயிலும் அது அலட்சியப்படுத்தக்கூடிய எண்ணாக இல்லை.

தடுப்பு என்பது செயல்படும் விதம் எளியது. நுரையீரலைச் சுற்றி இரண்டு உறைகள் இருக்கின்றன. ஒன்று நுரையீரலோடு ஒட்டியது, மற்றது நெஞ்சுக்கூட்டின் உட்புறத்தோடு ஒட்டியது. நடுவில் கொஞ்சம் ஈரம். ஈரம் தடவி ஒன்றன்மேல் ஒன்று வைத்த இரண்டு கண்ணாடித் தகடுகள் போல அவை வழுக்கும், ஆனால் பிரியாது. நுரையீரலின் மேற்பரப்பில் ஓட்டை விழுந்து காற்று நடுவே நுழைந்தால்தான் பிரியும். உறைகள் இரண்டையும் புண்ணாக்கி, ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளச் செய்துவிட்டால், பிறகு ஓட்டை விழுந்தாலும் காற்று போய்ச் சேர இடமில்லை. ப்ளூரோடெசிஸ் என்பது இதுதான். இது பலிக்கும் என்பதற்கு ஆய்வுகளுக்கு முன்பே காசநோய் சானடோரியங்களில் சாட்சி கிடைத்துவிட்டது. மருந்து இல்லாத அந்தக் காலத்தில், இத்தாலியின் கார்லோ ஃபோர்லானினி காட்டிய வழியில், நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று ஊசி வழியே காற்றை ஏற்றி டாக்டர்களே அதைச் சுருங்கச் செய்தார்கள். சில நோயாளிகளிடம் எவ்வளவு காற்று ஏற்றினாலும் நுரையீரல் அசையவில்லை. நோயே உறைகளை ஒட்டவைத்திருந்தது. அந்த ஒட்டுகளை அறுத்து விடுவதற்காகவே ஸ்வீடனின் யாக்கோபியஸ் நெஞ்சுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் முறையைப் பயன்படுத்தினார். சுருங்கச் செய்ய வேண்டும் என்றே காற்றை ஏற்றியபோதும் சுருங்காமல் நின்ற நுரையீரல்களைவிடப் பெரிய நிரூபணம் இதற்கு வேண்டியதில்லை. செயற்கை நியூமோதோராக்ஸ் வைத்தியத்தைத் தன் உடம்பிலேயே செய்துகொண்டு பிழைத்த கனடாவின் நார்மன் பெத்யூன், 1935இல் டால்க் பொடி தூவி உறைகளை வேண்டுமென்றே ஒட்டவைக்கும் முறையை எழுதி வெளியிட்டார். அன்று அது நுரையீரல் அறுவைக்கு முன்னேற்பாடாக இருந்தது. இன்று நாங்கள் செய்வதற்கு வேர் அதுதான்.

இதற்கு எதிராக முதலில் சொல்லப்படுவது: பாதிப் பேருக்கு மறுபடி வரும் என்றால் பாதிப் பேருக்கு வராது அல்லவா, வராதவர்களுக்கும் ஏன் வலியைக் கொடுக்க வேண்டும்? நியாயமான கேள்வி. யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டியே பிரித்துச் சொல்லும் நம்பகமான வழி இருந்தால் நான் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவேன். அப்படி ஒன்று கையில் இல்லை. இருக்கும் இரண்டு நஷ்டங்களை நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தேவையில்லாமல் ஒட்டவைத்தால் ஓரிரு நாள் வலி, காய்ச்சல், கூடுதலாக ஓரிரு நாள் படுக்கை. தேவைப்பட்டவருக்குச் செய்யாமல் விட்டால், ராத்திரி இரண்டு மணிக்கு, குழாய் போடத் தெரிந்தவர் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில், மீதியிருந்த மூச்சும் நிற்கும் அபாயம். சிஓபிடி நோயாளிகளில் ஒவ்வொரு நியூமோதோராக்ஸும் மரண வாய்ப்பை நான்கு மடங்காக்குகிறது என்று 1987இல் நார்வேயிலிருந்து வந்த ஒரு கணிப்பு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. நோய் முற்றியவர்களுக்குத்தான் இது வருகிறது என்பதால் அந்த நான்கு மடங்கில் எவ்வளவு நோயின் கணக்கு, எவ்வளவு காற்றின் கணக்கு என்று பிரிக்க முடியாது. அதை அப்படியே தூக்கிப்பிடிக்க மாட்டேன். 1990 ஆய்விலும் மருந்து வைத்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரியவில்லை. இதைச் சொல்லி எதிர்ப்பவர்களுக்கு என் பதில், அந்த நோயாளிகள் பெரும்பாலும் மாண்டது அடிப்படையான நுரையீரல் நோயால் என்பது. ஒட்டவைப்பது சிஓபிடியைக் குணப்படுத்தாது. இருக்கிற வருஷங்களில் இன்னொரு தடவை மூச்சுமுட்டி ஆம்புலன்ஸில் ஏறாமல் காக்கும். அந்தப் பயன் எனக்குப் பெரிதாகவே படுகிறது.

இன்னொரு எதிர்வாதம் புதியது. இளைய டாக்டர்கள் சொல்வது. இப்போது போக்கே குறைவாகச் செய்வதுதானே, குழாய்கூடப் போடாமல் கவனித்தாலே போதும் என்று ஆய்வு வந்துவிட்டதே என்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 316 பேரை வைத்து நடந்து 2020இல் வெளியான ஆய்வு அது. நல்ல ஆய்வு. தேவையில்லாத குழாய்கள் பலவற்றை அது மிச்சப்படுத்தும். ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் 14 முதல் 50 வயது வரை உள்ள, நுரையீரல் நோய் இல்லாதவர்கள். அதன் முடிவை அறுபது வயது சிஓபிடிக்காரருக்குப் பொருத்துவது ஆய்வைப் படிக்காமல் தலைப்பைப் படிப்பது. பிரிட்டிஷ் மார்பு மருத்துவச் சங்கத்தின் 2023 வழிகாட்டி இந்த இரண்டு வகையினரையும் கவனமாகவே பிரித்துப் பேசுகிறது. நியூமோதோராக்ஸால் நிலை மிகவும் மோசமடைந்த கடுமையான சிஓபிடி நோயாளிக்கு முதல் தடவையிலேயே மருந்து வைத்து ஒட்டுவதைப் பரிசீலிக்கலாம் என்று அதில் இருக்கிறது. அமெரிக்க மார்பு மருத்துவர் கல்லூரி 2001இல் கூட்டிய நிபுணர் குழுவின் பெரும்பான்மையும் இரண்டாம் வகையினருக்கு முதல் தடவையிலேயே தடுப்பு வேண்டும் என்றே சொன்னது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக எழுத்தில் இருப்பது வார்டுப் பழக்கத்துக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

எதை வைத்து ஒட்டுவது என்பதில் பயங்கள் உண்டு. டால்க் போட்டால் நுரையீரலே வீங்கி மூச்சு நின்றுவிடும் என்ற பயம் ஆதாரமில்லாதது அல்ல. துகள் மிக நுண்ணியதாக இருந்தால் ரத்தத்தில் கலந்து அந்த விபரீதம் நடந்திருக்கிறது. துகளின் அளவைச் சல்லடையிட்டுத் தேர்ந்த டால்க்கை 558 புற்றுநோய் நோயாளிகளுக்குப் பயன்படுத்தி 2007இல் வெளியான ஆய்வில் ஒருவருக்குக்கூட அது வரவில்லை. நியூமோதோராக்ஸ் வந்த 418 பேரிடம் ஐரோப்பாவில் பார்த்தபோதும் அப்படியே. எனவே எந்த டால்க் என்று கேட்டு வாங்க வேண்டும். கடையில் கிடைக்கும் பொடியைச் சுத்திகரித்து அடைப்பது கூடாது. தரமான டால்க் கிடைக்காத இடத்தில் கைகொடுப்பது எல்லா ஆபரேஷன் தியேட்டரிலும் இருக்கும் போவிடோன் அயோடின் திரவம். இந்திய மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு வெற்றி கிடைத்திருக்கிறது. விலை மிகக் குறைவு. அயோடின் ஒவ்வாமையோ தைராய்டு கோளாறோ உள்ளவர்களுக்கு மட்டும் தவிர்க்க வேண்டும்.

செய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் சறுக்குவதெல்லாம் சின்னச் சின்ன இடங்களில்தான். முதலில் எக்ஸ்ரேயில் நுரையீரல் நெஞ்சுச் சுவரைத் தொட்டிருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் எவ்வளவு மருந்து ஊற்றினாலும் இரண்டு உறைகளும் ஒட்டாது; பாதி ஒட்டி, பாதி அறைகளாகப் பிரிந்து, அடுத்த தடவை குழாய் போடவே இடமில்லாமல் போகும். அடுத்தது வலி. குழாய் வழியாக முதலில் மரப்பு மருந்தான லிக்னோகெய்ன் செலுத்த வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம், எப்படியும் 250 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. ஐம்பது கிலோ இருப்பவருக்கு ஒரு சதவீத மருந்து 15 மில்லி. சில நிமிடங்கள் விட்டு, 20 மில்லி போவிடோன் அயோடினை 80 மில்லி சலைனில் கலந்து மெதுவாக ஏற்றுவது வழக்கம். காற்றுக் கசிவு முழுக்க நின்றிருந்தால் குழாயை ஓரிரு மணி நேரம் மூடி வைக்கலாம். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் மூடக் கூடாது. குழாயை ஸ்டாண்டில் படுக்கைக்கு மேலே உயர்த்தித் தொங்கவிட்டால் மருந்து உள்ளே நிற்கும், காற்று மட்டும் வெளியேறும். மூடிய குழாய்க்குப் பின்னால் காற்று அடைபட்டு இதயத்தை நெருக்கினால் நிமிஷக் கணக்கில் உயிர் போகும். மருந்து எல்லா இடமும் பரவ வேண்டும் என்று நோயாளியை இடமும் வலமும் கவிழ்த்தும் மல்லாத்தியும் புரட்டுவது இன்றும் சில இடங்களில் நடக்கிறது. டெட்ராசைக்ளினில் கதிரியக்க அடையாளம் சேர்த்துப் பார்த்தபோது அது சில நொடிகளில் தானே பரவிவிட்டது. மூச்சுமுட்டும் மனிதரை அலைக்கழிக்க வேண்டாம். அன்று ராத்திரி காய்ச்சல் வரலாம், எதிர்பார்த்ததுதான். வலி மாத்திரை அழற்சியைத் தணித்து ஒட்டுவதைக் கெடுக்கும் என்று இப்யூபுரூஃபன் போன்றவற்றை மறுக்கிற பழக்கம் உண்டு. புற்றுநோய் நீர்க்கோப்பு நோயாளிகளிடம் செய்து 2015இல் வெளியான ஆய்வு அந்தப் பயத்தை ஆதரிக்கவில்லை. சிறுநீரகமும் வயிறும் இடம் கொடுத்தால் கொடுக்கலாம். வலியில் ஆழமாக மூச்சு விடாமல் சளியைத் துப்பாமல் கிடப்பதுதான் இந்த நோயாளிகளுக்கு உண்மையான ஆபத்து.

அறுவை சிகிச்சை இதைவிடச் சிறந்ததல்லவா என்று கேட்டால், ஆம், தாங்கக்கூடியவருக்குச் சிறந்தது. நெஞ்சைத் திறந்து கொப்புளத்தை வெட்டி, உறையை உரித்து விட்டால் மறுபடி வருவது நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில் இறங்குகிறது. சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்தால் திறந்த அறுவையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகம் மறுபடி வருகிறது என்று 2007இல் ஒரு தொகுப்பாய்வு காட்டியது. ஆனால் வலியும் படுக்கை நாளும் குறைவு என்பதால் பலரும் அந்த வழியைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். சிக்கல், எங்கள் நோயாளிகளில் கணிசமானவர்கள் மயக்க மருந்தையும் ஒற்றை நுரையீரல் சுவாசத்தையும் தாங்க மாட்டார்கள். 'அறுவைக்குத் தகுதியில்லை' என்று அறுவைத் துறையிலிருந்து எழுதி வந்ததும், தடுப்புப் பேச்சே அதோடு முடிந்துவிட்டதாகக் கேஸ் ஷீட்டில் அடுத்த வரி டிஸ்சார்ஜ் ஆகிவிடுகிறது. தகுதியில்லாதவருக்குத்தான் படுக்கையிலேயே செய்யும் மருந்து ஒட்டு அதிகம் தேவை. பிற்காலத்தில் நுரையீரல் மாற்று அறுவை செய்ய வேண்டி வந்தால் ஒட்டிய உறைகளைப் பிரிக்கும்போது ரத்தம் கொட்டும் என்ற தயக்கமும் கேட்கிறேன். ரத்தப்போக்கு கூடும் என்பது உண்மை. ஒரு காலத்தில் அதையே மாற்று அறுவைக்குத் தடையாகக் கருதினார்கள். இன்று முழுத் தடையாகக் கருதுவதில்லை. மாற்று அறுவை அதிகம் நடக்கும் சென்னையிலும்கூட, இந்த நோயாளிகளில் எத்தனை பேர் வயதாலும் பணத்தாலும் அந்த வாசலை எட்டிப் பார்ப்பார்கள்? வாய்ப்புள்ள இளையவர் என்றால் அந்தக் குழுவிடம் ஒரு போன் செய்து கேட்டுவிட்டுச் செய்வதே முறை. மற்றவருக்கு, வராத அறுவையை நினைத்து வரக்கூடிய ஆபத்தை விட்டுவைக்கக் கூடாது.

எல்லோருக்கும் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. காசநோய் கிருமி உயிரோடு இருந்து, காற்றோடு சீழும் சேர்ந்திருந்தால், காசநோய் மருந்தும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் குழாயும்தான் வைத்தியம். அங்கே ஒட்டவைக்கும் அவசரம் தவறு. கசிவு நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருப்பவருக்கு, கை நரம்பிலிருந்து 50 முதல் 100 மில்லி வரை அவருடைய ரத்தத்தையே எடுத்துக் குழாய் வழியே விடும் முறை இருக்கிறது. ரத்தம் உறைந்து ஓட்டையை அடைக்கும். தொற்று வருகிறதா என்று கவனித்தால் போதும், செலவென்று எதுவும் இல்லை. அறுவைக்கு அனுப்ப முடியாத இடத்தில் இதைச் செய்து பார்க்காமல் மூன்று வாரம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு ஏற்புடையது அல்ல.

ஒட்டவைத்த பிறகும் சொல்லி அனுப்ப வேண்டியவை இருக்கின்றன. முதலாவது, புகை. ஸ்வீடனில் 1987இல் வெளியான கணக்குப்படி, புகைக்கும் ஆணுக்கு நியூமோதோராக்ஸ் வரும் வாய்ப்பு புகைக்காதவரைவிட 22 மடங்கு, பெண்ணுக்கு 9 மடங்கு. முதல் வகையினரிடம் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், புகையை விட்டவர்களுக்கு மறுபடி வருவது நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. குழாய் உள்ளே இருக்கும் நாட்களில் சொல்வது காதில் விழும். அதன் பிறகு சொல்வது விழாது. நிகோடின் மருந்தையும் அப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். விமானப் பயணம் எக்ஸ்ரேயில் முழுக்கச் சரியானதற்குப் பிறகு குறைந்தது ஒரு வாரம் கழித்து. உயரத்தில் கேபின் அழுத்தம் குறையும்போது உள்ளே மிஞ்சிய காற்று விரியும். ஆழ்கடல் முக்குளிப்பு கூடவே கூடாது. குடம் தூக்கலாமா, மாடி ஏறலாமா என்று எல்லாக் குடும்பங்களும் கேட்கின்றன. பெரும்பாலான நியூமோதோராக்ஸ் சும்மா இருக்கும்போதுதான் வருகிறது. காயம் ஆறி, மூச்சு இடம் கொடுக்கும் அளவுக்கு நடமாடலாம். பயந்து கட்டிலோடு கிடந்தால் தசை வற்றி இருக்கிற மூச்சும் குறையும். இன்ஹேலரைத் தவறாமல் எடுப்பதும், ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் போட்டுக்கொள்வதும் அடிப்படையான நுரையீரல் நோய்க்கு.

சிஓபிடியோ, பழைய காசநோய்த் தழும்போ, வேறு நுரையீரல் நோயோ உள்ள உங்கள் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சில் குழாய் போட்டிருந்தால், அதை எடுக்கும் நாளுக்கு முன்பே டாக்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "இது மறுபடி வராமல் இருக்க இப்போதே ஏதாவது செய்ய முடியுமா, முடியாது என்றால் ஏன்?" பதிலை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். எந்தப் பக்கம் வந்தது, என்ன மருந்து வைத்து ஒட்டினார்கள் என்பதும் அதில் இருக்கட்டும். அந்தத் தாளையும் கடைசி எக்ஸ்ரே, சி.டி. படங்களையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். திடீரென்று ஒரு பக்கம் நெஞ்சு குத்தி மூச்சு வாங்கினால், வழக்கமான இளைப்புதான் என்று நெபுலைசர் வைத்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காமல், அந்தப் பையோடு உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.